ஊசியும் மூலிகையும்: சீன வைத்தியத்தில் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

வயிற்று உப்புசத்திற்கு ஓமம், சளிக்குச் சுக்கு, தொண்டைக் கட்டுக்கு அதிமதுரம் என்று கைமருந்து பழகியவர்கள் நம்மவர்கள். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து இவ்வங்கநாட்டில் குடியேறிய நாம், இங்கே வேறொரு வைத்தியத்தின் பெயரை அடிக்கடி கேட்கிறோம். அதுவே சீன வைத்தியம். முழங்கால் வலியென்றால் "அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளுங்கள்" என்பார் பக்கத்து வீட்டு வங்காளி அன்பர். "சீன மூலிகை மாத்திரை வந்திருக்கிறது, எந்த நோய்க்கும் கேட்கும்" என்பார் இன்னொருவர். இவற்றுள் எதை நம்புவது, எதை விலக்குவது என்பது நம் குடும்பங்களுக்கு அவசியமான கேள்வி. ஆகவே அவ்வைத்தியத்தின் வரலாற்றையும் பலனையும் அபாயத்தையும் இங்கு சுருங்கக் காண்போம்.

நாடியும் கஷாயமும்

சீன வைத்தியத்தின் ஆதி நூலாகக் கருதப்படுவது 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' என்பது. அது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருப்பெற்றது. உடலில் 'சீ' என்னும் உயிர்ச்சக்தி சில தடங்களின் வழியே ஓடுகிறது. குளிர்ச்சியும் வெம்மையும், இருளும் ஒளியும் போன்ற 'யின்', 'யாங்' என்னும் இரு தன்மைகள் சமநிலையில் நின்றால் சுகம், சமநிலை பிறழ்ந்தால் நோய் என்பது அதன் கொள்கை. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் ஏற்றத்தாழ்வே நோய் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

சீன வைத்தியர் நாக்கைப் பார்ப்பார். முகத்தின் நிறத்தைப் பார்ப்பார். பிறகு நாடி பார்ப்பார். நம் சித்த வைத்தியரைப் போலவே அவரும் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கிறார். ஆயினும் நம்மவர் மூன்று நாடிகளைத் தேட, அவரோ ஒவ்வொரு கையிலும் மூன்றிடங்களாக, இரு கைகளிலும் ஆறிடங்களைத் தனித்தனியே ஆராய்கிறார்.

மருந்துக் கடையில் சுவர் முழுவதும் சின்னஞ்சிறு இழுப்பறைகள் இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரே மூலிகையைக் கொடுப்பது அரிது. முதன்மை மருந்து ஒன்று, அதற்குத் துணை ஒன்று, அதன் கடுமையைத் தணிக்க ஒன்று என்று பல சரக்குகளை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பர். வீட்டில் கஷாயமிட்டுக் குடிக்க வேண்டும். இஞ்சி, இலவங்கப்பட்டை, அதிமதுரம் ஆகிய நமக்குத் தெரிந்த சரக்குகள் அவர்களிடமும் உண்டு. பல மருந்துகளை இணக்கிச் சேர்க்கும் பணிக்கு அதிமதுரமே அங்கும் பெரிதும் பயன்படுகிறது.

இம்மூலிகை அறிவைத் தொகுத்தவர்களுள் லீ ஷிசென் என்பவர் தலைசிறந்தவர். அவர் 27 ஆண்டுகள் உழைத்து 1578-இல் முடித்த பெருநூல், அவர் இறந்த பிறகு, 1596-இல் அச்சாயிற்று. அதில் 1,892 மருந்துப் பொருள்களும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளும் அடங்கியுள்ளன.

ஊசியின் கதை

அக்குபங்சர் என்பது மயிர் போன்ற மெல்லிய ஊசிகளை உடலின் குறித்த புள்ளிகளில் செலுத்துவது. ஊசியில் மருந்து எதுவும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் வகைப்படுத்தியுள்ள மரபுப் புள்ளிகள் 361. ஊசி சரியான இடத்தில் அமர்ந்தால் ஒரு கனமோ மரமரப்போ தோன்றும் என்பர். சில சமயம் மாசிபத்திரி இனத்துத் தழையை உலர்த்திப் பஞ்சு போலாக்கி, அதைக் கொளுத்திப் புள்ளிகளுக்குச் சூடு காட்டுவதும் உண்டு.

சுங் அரச வமிச காலத்தில், 1027-ஆம் ஆண்டையொட்டி, வாங் வெய்யி என்னும் வைத்தியர் புள்ளிகள் யாவும் துளையாக அமைந்த இரு வெண்கலப் பிரதிமைகளை வார்ப்பித்தார். பரீட்சையின்போது பிரதிமைக்கு மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்புவராம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும் என்று சொல்லப்படுகிறது.

இத்தகைய கலைக்கும் தாழ்வு வந்தது. 1822-இல் சீனச் சக்கரவர்த்தி தம் அரண்மனை வைத்தியக் கல்லூரியிலிருந்து ஊசி வைத்தியத்தை நீக்கினார். 1929-இல் பழைய வைத்தியம் முழுவதையுமே ஒழித்துவிட வேண்டுமென்ற யோசனை எழுந்தது. நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடி எதிர்த்து அதைத் தடுத்தனர். 1950-களில், டாக்டர்கள் போதாத பெரிய நாட்டில் இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டிய நிலையில், புதிய அரசாங்கம் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தது.

வங்கத்திற்கு வந்த வழி

ஜப்பானியப் படையெடுப்பால் சீனா துன்புற்றபோது, 1938-இல் இந்தியக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அங்கு அனுப்பியது. அவர்களுள் ஷோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னீஸ் போர்முனையில் காயமுற்றோருக்குத் தொண்டு செய்து 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார். சாந்தாராம் அவர் கதையை 1946-இல் திரைப்படமாக எடுத்தார். அதே குழுவில் சென்றவர் கல்கத்தா டாக்டர் விஜய் குமார் பாசு. அவர் 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று, ஆங்கில வைத்தியம் கற்ற டாக்டராக இருந்தும், மாணவராய் அமர்ந்து ஊசி வைத்தியம் பயின்றார். 1959-இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். இந்தியாவில் இக்கலை வேரூன்றியது இவ்வாறே. பின்னர் 1996-இல் மேற்கு வங்கம் அக்குபங்சருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. இந்திய அரசும் 2019-இல் அதைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது.

பலன் எவ்வளவு?

ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியால் வருந்திய 1,162 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து, முடிவை 2007-இல் வெளியிட்டனர். முறைப்படி ஊசி குத்தப்பட்டோரில் ஏறக்குறைய 48 சதவிகிதத்தினர் ஆறு மாதத்தில் நல்ல பலன் கண்டனர். வழக்கமான மருந்தும் தேகப்பயிற்சியும் பெற்றோரில் பலன் கண்டோர் 27 சதவிகிதமே. ஊசிக்கு வெற்றி என்று கொள்ளலாமோ? அங்குதான் வியப்பு இருக்கிறது. மூன்றாம் பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில், ஆழமின்றிப் பெயரளவில் ஊசி வைத்தனர். அவர்களிலும் 44 சதவிகிதத்தினர் பலன் கண்டனர்!

இதனால் அறிவது யாது? ஊசியால் வலி தணிகிறது. ஆனால் இன்ன புள்ளியில்தான் குத்த வேண்டும் என்னும் கொள்கை நிலைநாட்டப்படவில்லை. 'சீ' ஓடும் தடங்களையும் உடற்கூறு நூலார் கண்டதில்லை. ஊசி பட்டவுடன் உடல் தானே சுரக்கும் வலிதணிக்கும் பொருள்களும், நோயாளியின் நம்பிக்கையும், அக்கறையுடன் கவனிக்கப்படுவதால் வரும் ஆறுதலும் சேர்ந்து வேலை செய்கின்றன எனலாம். வலியால் தூக்கமின்றித் தவிக்கும் ஒரு பாட்டிக்கு அந்தத் தணிவும் பெரிதே. ஆயினும் வலியைத் தணிப்பது வேறு, சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ தீர்ப்பது வேறு.

ஒரு தழை தந்த கொடை

மூலிகைகளின் நிலை இன்னும் சுவையானது. 1967-இல் சீன அரசாங்கம் மலேரியாவுக்குப் புது மருந்து தேடும் இரகசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ என்னும் அம்மையார் பழஞ்சுவடிகளிலிருந்தும் நாட்டு வைத்தியர்களிடமிருந்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முறைகளைத் திரட்டினார். 'சிங்ஹாவ்' என்னும் தழை ஒரு சமயம் பலித்தது, மறுசமயம் பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹுங் எழுதிய நூலை மீண்டும் படித்தபோது, தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறாகக் குடிக்குமாறு சொல்லியிருப்பது அவர் கண்ணிற்பட்டது. கொதிக்க வைக்கும் பேச்சே அதில் இல்லை! சூடுதான் மருந்துச் சத்தை அழிக்கிறது என ஊகித்து, எளிதில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சத்தை இறக்கினார். 1971 அக்டோபரில் எலிகளின் மலேரியா முற்றிலும் நீங்கியது. மனிதருக்குக் கொடுக்குமுன் அவரும் தோழர்களும் தாமே அதை உட்கொண்டு பார்த்தனர். ஆர்ட்டெமிசினின் என்னும் அம்மருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-இல் அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் பெண்டிர் தலையில் சூடும் மரிக்கொழுந்து அந்தத் தழைக்கு உறவுச் செடியாகும். அதற்காகக் காய்ச்சலுக்கு மரிக்கொழுந்தைக் காய்ச்சிக் குடிக்கலாகாது! பழைய நூல் வழியைக் காட்டியது; ஆனால் சோதனைதான் மருந்தைத் தந்தது.

நஞ்சும் மூலிகையே

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்னும் பேச்சை நம்மவரிடம் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒத்த இரு வேர்களுள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று கலந்துவிட்டதே காரணம். கலந்த வேரில் அரிஸ்டலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு இருந்தது. அவர்களுட் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் கண்டது. நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், நம் நாட்டு ஈசுவரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனத்துச் செடிகளே. அவற்றிலும் அந்நஞ்சு உண்டு. ஆகவே இதைச் சீனர் குற்றமென்று தள்ளிவிட இயலாது.

நம் இரயில்வே குடியிருப்பில் ஒரு பெரியவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. ஊசி வைத்தியர் ஒருவர் "மாத்திரையை நிறுத்துங்கள், ஊசியே போதும்" என்றாராம். பெரியவரும் நிறுத்தினார். இரண்டு மாதத்தில் காற்புண் புரையோடி, ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. ஊசி அவர் காலைக் கெடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதே கெடுத்தது.

எனவே நம் இல்லங்கள் கைக்கொள்ள வேண்டியவை சில. மூட்டுவலி, இடுப்புவலி, தலைவலிக்கு ஊசி வைத்துக்கொள்வதானால், முதலில் டாக்டரிடம் காட்டி வலியின் காரணத்தை அறிந்துகொள்க. உறையைக் கண்முன்னே பிரித்து, ஒரு முறை உபயோகித்து எறியும் ஊசியையே அனுமதிக்க; தூய்மையற்ற ஊசியால் மஞ்சட்காமாலை தொற்றும். டாக்டர் கொடுத்த மருந்தை வேறெவர் சொன்னாலும் நிறுத்தற்க. உள்ளிருக்கும் சரக்கு இன்னதென்று எழுதாத மாத்திரையை வாங்கற்க. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இவற்றைத் தாமே கொடுத்துப் பார்க்கலாகாது. காய்ச்சல் கண்டால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்விக்க.

பழையதெல்லாம் பொய்யென்று இகழ்ந்திருந்தால் தூ யூயூ அம்மையார் அந்தச் சுவடியைத் திறந்திருக்கமாட்டார். பழையதெல்லாம் மெய்யென்று நம்பியிருந்தால் சோதித்தே இருக்கமாட்டார். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு எவ்வழி செல்வதென்று திகைக்கும் நம்மவர்க்கு அவர் சென்ற நடுவழியே நல்வழி.