குளிர்காலம் செதுக்கிய குதிரை

சுவீடன் நாட்டின் நடுப்பகுதியில், சில்யான் ஏரியைச் சுற்றி அமைந்திருக்கும் டாலார்னா மாகாணத்தில் டிசம்பர் மாத நடுவில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. வயல்கள் பனிக்கடியில் மறைந்து, ஏரி உறைந்து, வெளிவேலைகள் பெரும்பாலும் நின்றுபோகும் அந்த மாதங்களில், அடுப்பங்கரை வெளிச்சத்தில் உட்கார்ந்து கைக்குக் கிடைத்த மரத்துண்டைச் சீவுவது அங்கே பல நூற்றாண்டுகளாக நிலவிவரும் வழக்கம். இவ்வாறு வீட்டில், கையால், அன்றாடத் தேவைக்காகவோ மனநிறைவுக்காகவோ பொருள்களைச் செய்யும் வேலையைச் சுவீடிய மொழியில் ஸ்லோய்ட் என்கிறார்கள். தொழில் என்றோ பொழுதுபோக்கு என்றோ அந்தச் சொல்லைத் தனித்துப் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே, குளிர்காலம் தந்த ஓய்வில் பிறந்த உழைப்பு அது. இன்றும் சுவீடனில் மரவேலையும் நூல்வேலையும் அடங்கிய ஸ்லோய்ட், பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக இருக்கிறது.

இந்த வழக்கம் டாலார்னாவில் வேரூன்றியதற்குப் பனி மட்டும் காரணமன்று. மேல் டாலார்னாவில் நிலம், பெண் பிள்ளைகள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்கப்பட்டுவந்ததால், சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பத்தின் வயல் அங்கொரு கீற்றும் இங்கொரு கீற்றுமாகச் சிதறி, விளைச்சலை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் வயிற்றைக் கழுவ இயலாத நிலை உருவானது. ஆகவே ஒவ்வோர் ஊரும் ஒரு கைவேலையைப் பற்றிக்கொண்டது. ஓர்சா மக்கள் சாணைக்கல் வெட்டினார்கள். வோம்ஹூஸ் பெண்கள் மனிதத் தலைமுடியை நகையாகப் பின்னித் தொலைதூர நகரங்கள்வரை சென்று விற்றார்கள். மோராவை அடுத்த எஸ்த்னூர் கடிகாரத்துக்கும் பின்னர் கத்திக்கும் பெயர்பெற்றது. மோரா நகரைச் சுற்றியிருந்த ரீசா, பெர்க்கார்லோஸ், வாட்னேஸ், நுஸ்னேஸ் ஆகிய சிற்றூர்களுக்கு வாய்த்தது மரக்குதிரை.

குதிரையைத் தேர்ந்ததிலும் நியாயம் உண்டு. சுரங்கங்களுக்கும் இரும்பு உலைகளுக்கும் வேண்டிய விறகுக்காகவும் கரிக்காகவும் ஆண்கள் குளிர்காலத்தில் காட்டுக்குள் சென்று, சிறு மரக்குடில்களில் வாரக்கணக்கில் தங்கி மரம் வெட்டினார்கள். வெட்டிய மரத்தைப் பனியின்மேல் இழுத்து வந்தது குதிரை. பகல் முழுதும் மனிதனுக்கு அருகிலேயே நின்று உழைத்த உயிரும் அதுதான். மாலையில் குடிலின் நெருப்புக்கு முன்னால் கையில் கிடைத்த கட்டை குதிரையாக உருமாறி, வேலை முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாகக் கைமாறியது. வாங்குபவர் எவரையும் எண்ணாமல், ஒரு குழந்தையின் முகத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருள் என்பதை இந்தக் குதிரையின் வரலாறு முழுவதிலும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் அது சந்தைக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை.

மரக்குதிரை விற்கப்பட்டதைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1623ஆம் ஆண்டுக்குரியது. அதுவும் ஒரு கண்டனமாகவே கிடைத்திருக்கிறது. வெஸ்டரோஸ் நகரின் ஆயர் யொஹான்னஸ் ருட்பெக்கியுஸ், சந்தைவெளியில் விற்கப்படும் தகாத பொருள்களை அடுக்கியபோது சீட்டுக்கட்டு, பகடை, புல்லாங்குழல், பொம்மை, காதல் பாட்டு, நாணமற்ற ஓவியம் ஆகியவற்றோடு மரக்குதிரையையும் சேர்த்துக் கடிந்தார். பக்திக்கு இடையூறு என்று அவர் கருதிய அந்தப் பட்டியல், நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய திறந்தவெளிச் சந்தையில் மரவேலைக்காரரும் ஓவியரும் பக்கத்தில் பக்கத்தில் கடை விரித்திருந்தார்கள் என்பதற்கு இன்று சான்றாக நிற்கிறது. 1716இல், பன்னிரண்டாம் கார்ல் மன்னரின் போர்க்காலத்தில், வீடுகளில் தங்கவைக்கப்பட்ட படைவீரர் ஒருவர் குதிரை செதுக்கிக் கொடுத்து ஒரு கிண்ணம் கஞ்சிநீர் பெற்றார் என்ற கதையும் வழங்குகிறது. அது மரபுக்கதையே என்றாலும், குதிரை உணவுக்கும் இரவுத் தங்கலுக்கும் மாற்றாகக் கைமாறியது என்ற செய்தியில் ஐயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறைகலன் செய்வோர் மீதமான துண்டுகளைக் குதிரைகளாக்க, ஊர் ஊராகச் சென்ற வணிகர் அவற்றைப் பண்டமாற்றாகக் கொண்டுபோக, பல ஏழைக் குடும்பங்களின் குளிர்கால உலையை இந்தச் சிறு குதிரைகளே எரியவைத்தன.

குதிரைக்கு வேண்டிய கருவி ஒன்றே ஒன்று, கத்தி. 1891இல் எஸ்த்னூரில் தொடங்கிய பட்டறை வழியாக உலகெங்கும் மோரா கத்தி என்று அறியப்பட்ட, குட்டை அலகும் பீப்பாய்போலப் புடைத்த மரப்பிடியும் கொண்ட அந்தக் கத்தியை இன்றும் செதுக்குவோர் விரும்புகிறார்கள். செதுக்குபவர் முதலில் பார்ப்பது கட்டையில் நார் ஓடும் திசையை. கால்களின் நீளவாக்கில் நார் ஓடும்படி கட்டையை நிறுத்தாவிட்டால், குதிரை எவ்வளவு அழகாக அமைந்தாலும் கால் ஒரு தட்டில் உடைந்துவிடும். கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கும் வளைவில் கத்தியை ஒரு பக்கமிருந்து பள்ளம்வரை இறக்கி, அங்கே நிறுத்தி, குதிரையைத் திருப்பிப் பிடித்து எதிர்ப் பக்கமிருந்து அதே பள்ளத்துக்கு இறக்க வேண்டும். ஒரே மூச்சில் பள்ளத்தைக் கடந்து மேலேற முயன்றால் அலகு நாருக்குள் புகுந்து சிம்பாகப் பிளக்கும். இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கட்டையே நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். சரியான திசையில் சீவும்போது எழும் வழவழப்பான ஒலியும், தவறான திசையில் எழும் கரகரப்பும் ஒரு வாரத்துக்குள் காதுக்குப் பிடிபட்டுவிடுகின்றன.

செதுக்கியவுடன் குதிரை பாதி முடிந்ததாகவே கருதப்படுகிறது. பள்ளங்களில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அடிவண்ணம் கொடுத்த பிறகு தூரிகையின் முறை வருகிறது. மிகப் பரவலான வண்ணம் சிவப்பு. டாலார்னாவின் ஃபாலூன் செம்புச் சுரங்கத்துக் கழிவு மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுந்திருந்ததால் அங்கே செந்நிற வண்ணம் மலிவாகக் கிடைத்தது. சுவீடனின் கிராம வீடுகள் செந்நிறமாக நிற்பதற்கும் அதே சுரங்கம்தான் காரணம். சிவப்பின்மேல் சேணமும் கடிவாளமும் பூக்கொடிகளாக வரையப்படுகின்றன. இந்தக் கொடி அலங்காரத்துக்குக் குர்பிட்ஸ் என்று பெயர். இலத்தீனில் சுரைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நினிவே நகருக்கு வெளியே யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தரக் கடவுள் முளைப்பித்த கொடியை, லெக்சாண்ட், ரெட்விக் ஊர்களின் ஓவியர்கள் வீட்டுச் சுவர்களில் வரைந்து பரப்பினார்கள். அவர்கள் எந்தக் கலைக்கூடத்திலும் பயிலாத குடியானவர்கள். விவிலியக் கதைமாந்தருக்குத் தம் ஊர் உடையையே அணிவித்து வரைந்தவர்கள். தூரிகையைச் சுமந்துகொண்டு பிற மாகாணங்களுக்கும் நடந்து சென்று வேலை தேடியவர்கள்.

குதிரைமேல் வரையும் முறைக்கு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படுபவர் ரீசா ஊரைச் சேர்ந்த ஸ்டிக்கோ எரிக் ஹான்சன். தூரிகையின் ஒரு விளிம்பில் ஒரு வண்ணத்தையும் மறு விளிம்பில் இன்னொன்றையும் தோய்த்து, ஒரே இழுப்பில் இரு வண்ணமும் ஒன்றோடொன்று கரையும்படி இதழை வரைவது அவருடைய முறை. தூரிகையை அழுத்தி வைத்து, மெல்லத் திருப்பி, நுனி கூராகும்படி தூக்கும்போது, இருண்ட நீலத்தில் தொடங்கிய இதழ் வெண்மையில் முடிகிறது. இடையில் கை நடுங்கினால் திருத்த வழியில்லை. மேலே மறுபடி பூசினால் இரு வண்ணமும் குழம்பி அழுக்காகிவிடும். எரிக் இதை விரைவாகவும் பிசகாமலும் செய்தார் என்பது அவர் பெற்ற புகழ். ஊர்த் தேவாலயப் பதிவேட்டிலேயே அவர் ஓவியர் என்று குறிக்கப்பட்டிருக்கிறார். ஆயினும் அவர் 1887இல், 64ஆம் வயதில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே மறைந்து, பெயர்க்கல் இல்லாத கல்லறையில் புதைக்கப்பட்டார். அவர் கண்ட இழுப்பு இன்றும் ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் இருக்க, அவர் பெயர் அவருடைய கல்லறைமேலேயே இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

1920களில் நுஸ்னேஸ் ஊரில் குதிரை வேலை பட்டறைத் தொழிலாக மாறியது. 1928இல் பதின்வயதைக்கூடத் தாண்டாத ஒரு குடும்பத்துச் சகோதரர் இருவர் கடன் வாங்கிப் பட்டை ரம்பம் ஒன்றை வாங்கித் தொடங்கிய பட்டறை, பிற்காலத்தில் ஊரின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. ரம்பம் கட்டையைப் பருவெட்டாக அறுத்துத் தர, அக்கம்பக்கத்து வீடுகளில் கத்தியால் செதுக்கி முடிக்க, ஓவியர்கள் வண்ணம் தீட்ட, ஒரு குதிரை ஏறக்குறைய ஒன்பது பேரின் கைகளைக் கடக்கும் முறை நிலைபெற்றது. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடிய அரங்குக்கு முன்னே பெரிய குதிரை ஒன்று நிறுத்தப்பட, அதைத் தொடர்ந்து ஓராண்டில் மட்டும் 20,000 குதிரைகள் அந்நகருக்கு அனுப்பப்பட்டன. குழந்தைக்காகச் செதுக்கியது நாட்டின் சின்னமாயிற்று. அதன் பிறகு வாங்குபவர் குதிரையை அறிந்தார். செய்தவரை அறியும் வாய்ப்பு அவருக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை.

அந்த வாய்ப்பு இன்று எஞ்சியிருப்பது திறந்தவெளிச் சந்தைகளில்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டு, குளிர்கால மாலைகளில் மட்டும் செதுக்கியும் வண்ணம் தீட்டியும், ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்கள் கடை விரிப்பவர்கள் சுவீடன் முழுவதும் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 1891இல் ஆர்ட்டுர் ஹசேலியுஸ் நிறுவிய ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1903 முதல் கிறிஸ்துமஸ் சந்தை நடந்துவருகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே யோக்மோக் என்ற ஊரில், 1605இல் அரச ஆணையால் தொடங்கிய குளிர்காலச் சந்தை பிப்ரவரித் தொடக்கத்தில் கூடுகிறது. சாமி இன மக்கள் துவோட்யி என்றழைக்கும் தம் கைவினைப் பொருள்களை, பிர்ச் மரத் தண்டில் புடைத்து வளரும் முண்டைக் குடைந்து செய்த குவளைகளையும் கலைமான் கொம்புப்பிடிக் கத்திகளையும், அங்கே கொண்டுவருகிறார்கள். பூஜ்யத்துக்கு முப்பது பாகை கீழே செல்லக்கூடிய குளிரில், உரோம உடையுடன் நின்று, இந்தக் குவளை எந்தக் காட்டு மரம் என்று விளக்கி விற்கும் சந்தை அது.

இத்தகைய சந்தையைக் கருதிக் குளிர்காலத்தில் வேலை செய்பவர், அழகுக்கு முன்னதாக மரத்தின் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மரம் உலரும்போது நார் ஓடும் திசையில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில், பைன் போன்ற மரங்கள் முழுப் பச்சையிலிருந்து முழு உலர்நிலை வரை ஏறத்தாழ 4 முதல் 8 விழுக்காடுவரை சுருங்குகின்றன. கணப்பிட்ட அறையின் குளிர்காலக் காற்று மிக வறண்டது; வெளியே சந்தையில் பனியும் ஈரமும். அறையில் சுருங்கிய பலகை வெளியே ஊதும். ஊதும்போது விறைப்பான வண்ணப்பூச்சில் நூலிழை போன்ற வெடிப்பு தோன்றும். வெப்பத்தின் அருகிலேயே வைத்து அவசரமாக உலர்த்திய கட்டையில், வெளிப்புறம் உள்ளே இருப்பதைவிட முந்திச் சுருங்கித் தலைப்புகளில் பிளவு விடும். எனவே பழகியவர்கள் தலைப்புகளில் மெழுகோ வண்ணமோ பூசி, கணப்பிலிருந்து தள்ளி, மெதுவாக உலரவிடுகிறார்கள்.

வண்ணமும் பொறுமையைக் கேட்கிறது. ஆளிவிதை எண்ணெய் சேர்த்த வண்ணம் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது, குளிர்ந்த கொட்டகையில் அதற்குப் பல நாள்கள் தேவைப்படுகின்றன. டிசம்பர்ச் சந்தைக்கு நவம்பர் இறுதியில் வண்ணம் தீட்டியவரின் குதிரைகள் விற்கும் நாளிலும் விரல்ரேகையை வாங்கிக்கொள்ளும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால், இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதை மரவேலையில் புதிதாக இறங்கும் எவரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். துணியை விரித்துக் காயவைப்பதோ தண்ணீரில் நனைத்து வைப்பதோ பாதுகாப்பானது.

விலை வைப்பதுதான் பலருக்கும் உறுத்தலான இடம். ஒரு சிறு குதிரைக்குச் செலவான மாலைகளைக் கூலியாகக் கணக்கிட்டால் எவரும் வாங்கமாட்டார்கள். பட்டறைக் குதிரையின் விலைக்கே கொடுத்தால், அதையே தொழிலாகச் செய்து பிழைப்பவரின் வயிற்றில் அடித்ததாகும். நேர்மையான வழி, செலவான நேரத்தை முழுதும் மீட்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, தொழில்முறைக் கைவினைஞரின் விலைக்குக் கீழே போகாமல் நிற்பதே. சந்தைக்கு வருபவர் முதலில் குதிரையை எடுத்துப் பார்ப்பதில்லை, திருப்பிப் பார்க்கிறார். அடிவயிற்றில், வண்ணம் படாத வெற்று மரத்தில், செய்தவரின் முதலெழுத்தும் ஆண்டும் கத்தி நுனியால் கீறப்பட்டிருப்பதைக் கண்டதும் நிமிர்ந்து எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார். கைபேசி வழியே ஸ்விஷ் என்னும் பணப்பரிமாற்றச் செயலி மூலம் பணம் போய்ச் சேர ஒரு நொடி போதும். அதற்கு முன் நடக்கும் பேச்சு, இது என்ன மரம், எவ்வளவு நாள் ஆயிற்று, காலை எப்படி உடையாமல் செதுக்கினீர்கள் என்று நீளும். எரிக்குக்குக் கிட்டாதது இந்த அடையாளம். அன்றைய முதல் போணி இப்படி அமைந்துவிட்டால், மீதி நேரத்துக் குளிர் அவ்வளவாக உறைப்பதில்லை.

விலைபோகாத குதிரைகளை மாலையில் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறவர், மூட்டையை உடனே பிரிப்பதில்லை. குளிர்ந்த மரம் கணப்பறையின் வெதுவெதுப்பான காற்றைத் தொட்டதும் அதன்மேல் நீர் பனித்து வார்னிஷை வெளிறச்செய்துவிடும். ஆகவே துணிச் சுற்றோடு அப்படியே வாசல் கூடத்தில் இரவு முழுதும் வைத்து, மரமும் அறையும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு, மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்து அலமாரியில் நிறுத்துகிறார்.