கெண்டை மீன் தீவனத்தில் கரிம அமிலங்கள்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் குளங்களிலும் பண்ணைக் குட்டைகளிலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களை வளர்க்கும் குடியானவர்கள் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து தீவனமாக இடுகின்றனர். இவற்றில் மணிச்சத்து மிகுதியும் உண்டு. ஆயினும் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் உருவில் கட்டுண்டு கிடப்பதால் மீனுக்குப் பயன்படுவதில்லை. அது கழிவுடன் வெளியேறிப் பாசி பெருகக் காரணமாகிறது. விலை கொடுத்து வாங்கிய சத்து, குளத்தையே கெடுக்கின்றது.

ஜிலேபி மீனுக்கு இரைப்பையும் அதில் சுரக்கும் அமிலமும் உண்டு. கெண்டை இனங்களுக்கோ இரைப்பையே கிடையாது. ஆகையால் அமிலத்தைத் தீவனத்தின் வழியே அளிக்கலாமா என்று ஆராயப்பட்டது. மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தார் ரோகு குஞ்சுகளுக்கு நூற்றுக்கு 3 பங்கு சிட்ரிக் அமிலமும், பைட்டேட்டைச் சிதைக்கும் பைட்டேஸ் என்னும் நொதியும் சேர்த்து அளித்தனர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணைநின்று எலும்பில் தாதுக்கள் சேர்வதை மேம்படுத்தின என்று 2005-ம் ஆண்டில் வெளியிட்டனர்.

பார்மிக், புரோபியானிக் முதலிய அமிலங்கள் நுண்கிருமிகளின் உள்ளே புகுந்து அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் தன்மையுடையன. புரோபியானிக் அமிலம் தீவனத்தில் பூஞ்சணம் பிடிப்பதையும் தடுக்கும். கால்நடைகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ம் ஆண்டு முதல் தடை செய்தபின், இவ்வமிலங்களின் மதிப்பு உயர்ந்தது.

எனினும் சில எச்சரிக்கைகள் அவசியம். சுண்ணாம்புக்கல் மிகுந்த அரியலூர்ப் பகுதியில் குளத்திற்குச் சுண்ணாம்பு இடுவோர், அதனைத் தீவனத்துடன் சேர்க்கலாகாது. அமிலத்தின் வீரியம் அழிந்துவிடும். அமிலத்தை நீரில் ஊற்றுவதும் தகாது. அளவு மிஞ்சினால் மீன் தீவனத்தை வெறுக்கும்.

நூற்றுக்கு 3 பங்கு என்றால் ஒரு டன் தீவனத்திற்கு 30 கிலோ அமிலம் வேண்டும். ஆதலின் செலவைக் கணக்கிடாமல் இறங்குதல் கூடாது. ஒத்த அளவுள்ள இரு குட்டைகளில் ஒரே எண்ணிக்கையில் குஞ்சுகளை விட்டு, ஒன்றில் மட்டும் அமிலத் தீவனம் இட்டு, மாதந்தோறும் சில மீன்களை நிறுத்துக் குறித்து வருக. எடையில் கண்ட ஆதாயம் அமிலத்தின் விலையை மிஞ்சினால் மட்டுமே, மறு வருஷம் அதனை எல்லாக் குட்டைகளுக்கும் விரிக்கலாம்.