எருதுக்குத் தினமும் வேலை கொடுங்கள்

இயற்கை விவசாயத்துக்கு வருகிற நண்பர்கள் பலர் முதல் வருஷமே ஒரு ஜோடி காங்கயம் எருது வாங்கிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆடியில் நாலு நாள், ஐப்பசியில் நாலு நாள் உழுதுவிட்டு, மீதி நாளெல்லாம் கட்டுத்தறியிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். "பாவம், ஓய்வா இருக்கட்டும்" என்று தவிடும் புண்ணாக்கும் வேறு. கொஞ்ச நாளில் மாடு பெருத்து, குளம்பு நீண்டு, நுகத்தைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. "சரிப்படலைங்க" என்று சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள். வேலைக்கு ஆகாத எருதைப் பெரும்பாலும் யார் வாங்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். அடிமாட்டு வியாபாரிதான்.

கொங்குப் பக்கம் கவலை இறைத்த காலத்தில் எருதுக்கு ஓயாத வேலை இருந்தது. இறைப்பை மோட்டார் எடுத்துக்கொண்டது. உழவை டிராக்டரும் பாரத்தை டெம்போவும் எடுத்துக்கொண்டன. இழுத்துப் பழகிய உடம்பு மட்டும் மாறவில்லை. வங்கியில் இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால்தான் 'செயல்படாத கணக்கு' என்போம். எருதுக்கு இரண்டு மாதமே அதிகம்.

எங்கள் தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பூட்டினால் எட்டரைக்குள் அவிழ்த்துவிடுவோம். தொழுவுரம் கொண்டு போவது, சோளத்தட்டு ஏற்றி வருவது, வரிசைப் பயிரில் களை ஓட்டுவது என்று ஏதாவது இருக்கும். ஒன்றுமே இல்லாத நாளில் வெறும் வண்டியைப் பூட்டி இட்டேரியில் மூன்று, நாலு கிலோமீட்டர் நடத்திக் கூட்டி வருவோம்.

நெடுநாள் நின்ற மாட்டை எடுத்ததும் ஏரில் பூட்டக் கூடாது. முதல் வாரம் நுகத்தோடு வெறும் நடை. அடுத்த வாரம் காலி வண்டி. மூன்றாம் வாரம் பாதிப் பாரம். அதன் பிறகு உழவு. சீராக நெடுநேரம் இழுக்க, உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இழுவிசைதான் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. 400 கிலோ எருதுக்கு 40 கிலோ. வண்டிச் சக்கரம் உருளுவதால் பாரம் எளிதாக நகர்ந்துவிடும். கலப்பை ஆழமாக இறங்கினால் இந்த அளவை உடனே தாண்டிவிடும்.

சட்டமும் இருக்கிறது. இழுவை மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. நாக்கு வெளியே தொங்கி நுரை தள்ளினால் மணி பார்க்க வேண்டாம், உடனே அவிழ்த்து நிழலில் கட்டுங்கள். மூச்சு அடங்கிய பிறகு தண்ணீர், அதற்கப்புறம் தீவனம். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிற பிராணி அது. அதற்கு நேரம் விட வேண்டும். அடர் தீவனத்தை வேலைக்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள்.

அவிழ்த்ததும் வைக்கோல் பிரியால் உடம்பைத் தேய்த்துவிடுங்கள். அழுக்கு போவதோடு, உங்கள் கை மாட்டைப் பரிசோதிக்கிறது. முதலில் நுகம் படும் கழுத்து. அங்கே சூடோ வீக்கமோ முடி உதிர்வோ தெரிந்தால், ஆறும்வரை பூட்டக் கூடாது. நுகத்தடியில் சொரசொரப்பு இருந்தால் இழைத்துவிட வேண்டும். அடுத்து காதின் உட்புறம், தொடை இடுக்கு, வாலடி. உண்ணி ஒளிவது அங்கேதான். கடைசியில் குளம்பு இடுக்கில் கல், முள் இருக்கிறதா என்று பாருங்கள். தார் ரோட்டில் போகிற மாட்டுக்கு லாடம் வேண்டும். குளம்பு பிளவுபட்டிருப்பதால் காலுக்கு இரண்டாக மொத்தம் எட்டு. மண்ணிலேயே நடக்கிற மாட்டுக்கு வளர்ந்த குளம்பைச் சீவிவிட்டாலே போதும். தினமும் தேய்க்கிற கைக்கு மாடு அடங்கி நிற்கும், காலையும் தூக்கிக் கொடுக்கும்.

ஜோடி வாங்கும் முன் ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வேலையைக் குறியுங்கள். நிரம்பினால் வாங்கலாம். நிரம்பாவிட்டால் இரண்டு, மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால், ஊரில் இன்னும் ஏர் வைத்திருப்பவரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். அவருடைய எருது சந்தைக்குப் போகாமல் இருக்க அந்தக் கூலி உதவும்.