4 மாதம் ஆட்டம். 12 மாதம் சாப்பாடு? அமெரிக்க லீக் வாசல் வரை போன ரெயில்வே வீராங்கனை!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோர இடத்துக்கு நடக்கும் மல்லுக்கட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிப்காட் ஷிப்டுக்கு போகிறவர், கடைக்கு சரக்கு எடுக்க வருகிறவர், திருவள்ளூர் பக்கத்து ஆபீஸ் கிளார்க் என்று யாரைக் கேட்டாலும் தெற்கு ரெயில்வே என்றால் இந்த வண்டிதான்.

அதே ரெயில்வே கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கும் சோறு போடுகிறது. இது வண்டியில் தொங்கிக்கொண்டு போகிற பலருக்கு தெரியாது.

அப்படி சம்பளம் வாங்கிய ஒருவர் அமெரிக்க பெண்கள் லீக்கின் வாசல் வரை போய்வந்தார். பெயர், கீத்து அன்னா ஜோஸ். ஊர், கேரளத்து கோட்டயம் பக்கம். வேலை, தெற்கு ரெயில்வே.

6 அடி 2 அங்குலம்

ஆள் 6 அடி 2 அங்குல உயரம். கூடைக்கு அடியில் நின்றால் எதிர் அணிக்கு வயிற்றைக் கலக்கும். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் புறநகரான ரிங்வுட் அணிக்கு ஆடினார். அங்கே தொழில்முறையில் ஆடிய முதல் இந்தியப் பெண் இவர்தான்.

2011 ஏப்ரலில் அமெரிக்காவில் இருந்து அழைப்பு வந்தது. டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கின் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஆன்டோனியோ ஆகிய 3 அணிகள் "வந்து ஆடிக் காட்டு" என்றன. அதுவரை எந்த இந்தியப் பெண்ணுக்கும் வராத அழைப்பு. போனார். ஆடினார். ஒப்பந்தம் மட்டும் கைக்கு வரவில்லை.

திறமை இல்லாமல் அல்ல. அந்த ஆண்டு லீக்கில் மொத்தமே 12 அணிகள். அணிக்கு ஒரு டஜன் பேர் என்று வைத்தாலும் 150 இடம்கூட தேறாது. அமெரிக்க கல்லூரிகளில் இருந்து வருஷா வருஷம் வருகிற கூட்டமே அதற்கு முண்டியடிக்கிறது.

கீத்து திரும்பி வந்து இந்தியாவுக்காக ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

மீதி மாதங்களுக்கு?

அந்த லீக்கின் முதல் சீசன் 1997-ல் நடந்தது. 8 அணிகள், ஆளுக்கு 28 ஆட்டம். 2025-ல் அது 13 அணிகள், ஆளுக்கு 44 ஆட்டம் என்று வளர்ந்துவிட்டது. லாஸ் வேகாஸ் அணி கோப்பையை தூக்கியது. அப்படியும் மே மாதம் தொடங்கி செப்டம்பரில் லீக் ஆட்டங்கள் முடிந்துவிடும். அக்டோபருக்குள் இறுதிப்போட்டியும் முடிந்துவிடும்.

சம்பளம்? 2024-ல் அமெரிக்காவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய புதுமுகம் கெய்ட்லின் கிளார்க். (கிளார்க் என்பது பெயர்தான், உத்தியோகம் அல்ல!) அவருக்கு முதல் வருஷ சம்பளம் 76,535 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 64 லட்சம் ரூபாய். நமக்கு வாய் பிளக்கத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு ஆண்கள் லீக்கில் முதலாவதாக தேர்வான பையனுக்கு 1 கோடி டாலருக்கும் மேல்!

அதனால்தான் பெரிய நட்சத்திரங்கள்கூட மிச்ச மாதங்களில் வெளிநாட்டுக்கு பெட்டி கட்டினார்கள். பிரிட்னி கிரைனர் அப்படி ரஷியாவில் ஆடப் போனவர். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாக பிடிபட்டார். சுமார் 10 மாதம் சிறைவாசம். டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார்.

"பந்து போட்டா பொழப்பு ஓடுமா?"

நம் பக்கத்து அம்மாக்களும் இதைத்தான் கேட்கிறார்கள். பிளஸ்-2 வரை பள்ளி அணியில் ஆடிய பெண், அடுத்து கம்பெனி பஸ் ஏறுவதா, மைதானத்துக்கு போவதா? கிரிக்கெட் என்றால் பதில் மாறிவிட்டது. 2023 பெண்கள் லீக் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவுக்கு 3 கோடியே 40 லட்சம் ரூபாய் விழுந்தது. கூடைப்பந்தில் 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் ஆண்களுக்குத்தான் நடந்தது. பெண்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரெயில்வே வேலைதான் லீக், ஒப்பந்தம் எல்லாம். கோடி வராது. ஆனால் 12 மாதமும் சம்பளம் வரும். காலியிடம் குறைவு என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கைக்குழந்தையோடு வந்தவர்

இந்த வழியில் வந்தவர்தான் சென்னைப் பெண் அனிதா பால்துரை. இவரும் தெற்கு ரெயில்வே. 19 வயதில் இந்திய அணி கேப்டன். 9 ஆசிய போட்டித் தொடர்களில் ஆடிய முதல் இந்தியப் பெண்.

கல்யாணம், குழந்தை என்றதும் "இனி எங்கே ஆடப்போகுது?" என்றுதானே ஊர் பேசும்? அனிதா மறுபடி ஷூ மாட்டினார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசிய கோப்பை 'பி' பிரிவு. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா சாய்த்தது. இரண்டே பாயிண்ட்! அந்த அணியில் அனிதாவும் இருந்தார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.