விறகடுப்பில் இரவு முழுதும் நெருப்பைப் பேணுதல்

திருவனந்தபுரத்தில் மாசி மாதத்தில் நடைபெறும் ஆற்றுகால் பொங்கலன்று, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் மட்டுமன்றி, இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள தம்பானூரிலும் அடுப்புகள் வரிசை வரிசையாக அமைக்கப்படுகின்றன. மூன்று செங்கற்கள், ஒரு மண்பானை, ஒரு கட்டுத் தென்னை ஓலை, கொதும்பு என இவ்வூரார் கூறும் உலர்ந்த தென்னம்பாளை ஆகியவையே ஒவ்வோர் அடுப்பிற்கும் வேண்டிய பொருள்கள். 1997-இல் 15 லட்சம் பெண்களும் 2009-இல் 25 லட்சம் பெண்களும் இவ்விழாவில் கூடியதாகக் கின்னஸ் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளது. கோயில் அடுப்பில் மூட்டிய தீ, அடுப்புக்கு அடுப்பு கைமாறிப் பரவுகிறது. சிறிது நேரத்தில் பானை பொங்குகிறது; தீயும் விரைவில் தணிகிறது.

மெல்லிய, உலர்ந்த எரிபொருளுக்கு நாற்புறமும் காற்றுக் கிடைத்தால் அது விரைந்து எரியும் என்பதற்கு இந்த அடுப்பு தக்க சான்றாகும். இதற்கு நேர்மாறான தேவையும் இல்லங்களில் உண்டு. இரவில் சமையல் முடிந்த பின் இட்ட நெருப்பு, விடியும் வரை அணையாதிருக்க வேண்டும் எனப் பலர் விரும்புகின்றனர். இதன் நோக்கங்கள் மூன்று. காலையில் அடுப்பு மூட்டும் தொல்லையைத் தவிர்ப்பது ஒன்று. வெந்நீரோ உணவோ மெல்லிய சூட்டில் இருக்கச் செய்வது மற்றொன்று. குளிர்ந்த இடங்களில் வீட்டைக் கதகதப்பாக வைத்தல் மூன்றாவது. இவை ஒவ்வொன்றுக்கும் உரிய முறை வேறு. இவ்வேறுபாட்டை அறியாது, காற்று வழியை அடைத்துவிட்டால் போதும் என எண்ணுவதால் விறகு வீணாவதோடு உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு.

விறகு எரியும் விதம்

விறகு ஒரே முறையில் எரிவதன்று. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பிறகு, ஏறத்தாழ 200 முதல் 300 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையில் மரப்பொருள் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்கள் வெளிப்படுகின்றன. சுவாலையாக நாம் காண்பது இவ்வாயுக்கள் எரிவதையே. வாயுக்கள் நீங்கிய பின் எஞ்சுவது கரி. அது சுவாலையின்றிச் செந்தணலாகக் கனன்று எரிகிறது.

உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வாயுவாக வெளியேறிவிடும். ஒரு பங்கே கரியாக நிற்கும். ஒரு கிலோ உலர்ந்த விறகில் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் அடங்கியுள்ளது. ஒரு கிலோ கரியில் சுமார் 7,000 கிலோ கலோரி உண்டு. ஆகவே ஒரு கிலோ விறகிலிருந்து கிடைக்கும் 200 கிராம் கரியின் பங்கு 1,400 கிலோ கலோரியாகும். மீதமுள்ள ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு வெப்பம் வாயுக்களிலேயே உள்ளது என்பது இதனால் விளங்கும். இவ்வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறினால் விறகின் பெரும்பகுதியைக் காற்றில் விட்டதற்குச் சமம்.

பச்சை விறகு நெடுநேரம் எரியும் என்று கூறுவோர் உளர். வெட்டிய புதிதில் விறகின் எடையில் பாதியளவு கூட நீர் இருக்கலாம். அத்தகைய விறகு ஒரு கிலோவில் உள்ள அரைக் கிலோ நீரைச் சூடேற்றி ஆவியாக்க 300 கிலோ கலோரி செலவாகிறது. இந்த இழப்பைவிடப் பெரிய தீங்கு, நீராவி அடுப்பைக் குளிரச் செய்வதால் வாயுக்கள் எரியாமல் போவதாகும். பச்சை விறகு நெடுநேரம் புகைகிறதேயன்றி நெடுநேரம் எரிவதில்லை. ஆண்டில் இருமுறை பருவமழை பெய்யும் திருவனந்தபுரம் போன்ற இடங்களில், கோடையிலேயே விறகைப் பிளந்து கூரையின் கீழ்க் காற்றோட்டமாக அடுக்கி வைத்தல் இன்றியமையாதது.

நீறு பூத்த நெருப்பு

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். விறகின் இரு பகுதிகளில், இரவு முழுதும் தாங்கக்கூடியது கரியே; வாயுவை மெல்ல எரிக்க இயலாது. நீறு பூத்த நெருப்பு என்னும் வழக்கே இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

தனியே எடுத்துப்போட்ட ஒரு தணல் சில நிமிடங்களில் கறுத்து அணைந்துவிடுகிறது. அது உண்டாக்கும் வெப்பத்தைவிட அதன் மேற்பரப்பு வழியே இழக்கும் வெப்பம் மிகுதி. பல தணல்களை ஒன்றாகக் குவித்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றைக் காக்கிறது. குவியலின் மேல் சாம்பலை மூடினால் இரு பயன்கள் விளைகின்றன. சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாதாகையால் சூடு வெளியேறுவது குறைகிறது. அதன் நுண்ணிய இடைவெளிகள் வழியே பிராணவாயு சிறிது சிறிதாகவே உட்செல்வதால் கரி மெதுவாகத் தேய்கிறது.

இதற்கான முறை எளியது. சுவாலை முற்றிலும் அடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். புளி, கருவேல் முதலிய வன்மரங்களின் தணலே சிறந்தது. தேங்காய்ச் சிரட்டைத் தணலும் நன்கு தாங்கும். தணல்களை அடுப்பின் நடுவில் நெருக்கமாகக் குவித்து, சலித்த உலர்ந்த சாம்பலை இரண்டு மூன்று விரற்கடைக் கனத்திற்கு மூட வேண்டும். காலையில் சாம்பலை விலக்கி, தேங்காய் நாரையோ சுள்ளியையோ இட்டு ஊதுகுழலால் ஊதினால் தீப்பற்றும். தேங்காய் நார் இதற்கு மிகவும் ஏற்றது. அதில் கரியாக மாறும் தன்மையுள்ள லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. முன்னாளில் பெட்டிக்கடைகளின் முன் தொங்கவிடப்பட்ட நார்க்கயிறு, நுனியில் கனன்றுகொண்டே நாள் முழுதும் நெருப்பைக் காத்ததும் இத்தன்மையாலேயாம்.

மரத்தூள் அடுப்பும் உமியடுப்பும் இக்கொள்கையைச் சற்று வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. தகர டின்னின் நடுவில் ஒரு கழியை நிறுத்தி, அடிப்பக்கத் துளை வழியே மற்றொரு கழியை அதனுடன் முட்டுமாறு செருகி, சுற்றிலும் உலர்ந்த மரத்தூளை இறுக இடித்து நிரப்புவர். கழிகளை உருவிய பின் வளைந்த ஒரு சுரங்க வழி அமைகிறது. அடியில் தீயிட்டால் உட்சுவரில் மட்டுமே மரத்தூள் எரிந்து, சிறிது சிறிதாக வெளிப்புறம் நோக்கிச் செல்லும். இடித்த இறுக்கம் குறைந்தால் தூள் சரிந்து வழி அடைபடும். ஈரம் இருந்தால் புகையே மிஞ்சும். நன்கு நிரப்பிய அடுப்பு, விறகைத் தள்ளிவிட ஆளின்றியே பல மணி நேரம் எரியக்கூடியது. எனினும் இதுவும் புகை போக்கியுள்ள இடத்திற்கே உரியது.

காற்றை அடைப்பதன் கேடு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டைச் சூடாக்க இரும்பு அடுப்புகள் வழங்கி வருகின்றன. இரவில் இவற்றில் விறகை நிறைய அடைத்து, காற்று வரும் வாயிலைக் குறுக்கிவிடும் வழக்கம் உண்டு. சுவாலை அடங்கினும் விறகிலிருந்து வாயுக்கள் வந்துகொண்டே இருக்கும். எரியாத அவ்வாயுக்கள் புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் கீல் போன்று படியும். படிவு தடித்த பின் ஒரு நாள் அதுவே தீப்பற்றிப் புகைபோக்கி முழுதும் எரிந்த நிகழ்ச்சிகள் பல.

புகையைக் காட்டிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு. பிராணவாயு போதாத நிலையில் கரி எரியும்போது இவ்வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இது சேர்ந்துகொள்வதால், உடல் பிராணவாயுவின்றி வாடுகிறது. தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியவை முதல் அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை உணராமலேயே இறக்க நேரிடும்.

ஒரு கணக்கைக் காண்போம். அரைக் கிலோ கரித்தணலில் ஏறத்தாழ 400 கிராம் கார்பன் உள்ளதாகக் கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கார்பன் மோனாக்ஸைடாக மாறினாலும் 93 கிராம் வாயு உண்டாகும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்தடி உள்ள அறையில் சுமார் 28 கனமீட்டர் காற்று அடங்கும். காற்று சிறிதும் மாறாதிருப்பின், ஒரு கனமீட்டரில் 3,300 மில்லிகிராம் அளவுக்கு நச்சு வாயு சேரும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 24 மணி நேரச் சராசரி அளவு 4 மில்லிகிராம் மட்டுமே. அதாவது வரம்பைப் போல் எண்ணூறு மடங்கு. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் கரியடுப்பைப் பூட்டிய அறையில் வைத்து உறங்கியவர்கள் மாண்ட செய்திகள் பலமுறை வந்திருப்பதற்குக் காரணம் இதுவே. கணப்பில் சுவாலையும் புகையும் இல்லாமை பாதுகாப்பின் அடையாளமன்று. அந்நிலையில்தான் அபாயம் மறைந்து நிற்கிறது.

அடுப்பங்கரையிலும் இது பொருந்தும். வீட்டினுள் எழும் புகையால் 2020-இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1950களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு உருவாக்கிய புகையில்லா அடுப்பும், 1980களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய பரிஷத் அடுப்பும் புகையைக் குழாய் வழியே வெளியேற்றுவதை முதன்மையாகக் கொண்டன.

நெருப்பைக் காப்பதா, வெப்பத்தைக் காப்பதா

முதலில் குறிப்பிட்ட மூன்று நோக்கங்களை இப்போது தனித்தனியே ஆராயலாம்.

காலையில் எளிதாக அடுப்பு மூட்டுவதே நோக்கமாயின், இரவெல்லாம் தணலைப் பேணுவது சிக்கனமன்று. அரைக் கிலோ கரி விடியும்வரை தேய்ந்து போனால் 3,500 கிலோ கலோரி, அதாவது முக்கால் கிலோவுக்கும் மேற்பட்ட உலர்ந்த விறகு, செலவாகிறது. தீப்பெட்டி அரிதாயிருந்த காலத்தில் இச்செலவு தகும். இன்று தணலை இறுக மூடிய மண்சட்டியிலோ இரும்புப் பாத்திரத்திலோ இட்டுக் காற்றின்றி அணைத்தால் கரி அப்படியே மிஞ்சும். மறுநாள் அதுவே எரிபொருளாகும். சட்டியைக் குளிரும்வரை வீட்டிற்கு வெளியே வைத்தல் வேண்டும்.

உணவு மெதுவாக வேகுவதே நோக்கமாயின், காக்க வேண்டியது நெருப்பன்று, வெப்பமே. நீர் ஒருமுறை கொதித்த பின் அரிசி வேக வேண்டியது போதிய சூடும் காலமுமேயன்றி மேலும் சுவாலையன்று. பரிஷத் பரப்பிய சூடாறாப்பெட்டி இதனை அடிப்படையாகக் கொண்டது. சில நிமிடங்கள் கொதித்த அரிசிப் பாத்திரத்தை மூடியுடன் பெட்டியில் வைத்தால், சுற்றியுள்ள தெர்மோகோல் வெப்பத்தை வெளியே விடாது காக்க, அரிசி தானே வெந்துவிடுகிறது. வேக நெடுநேரம் பிடிக்கும் கேரளத்துப் புழுங்கலரிசிக்கு இது பெரிதும் பயன்படும். வைக்கோல் திணித்த கூடையும் ஓரளவு இப்பயனைத் தரும். ஆனால் வெந்த உணவை இரவு முழுதும் அதிலேயே விடலாகாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின் கிருமிகள் பெருகத் தொடங்கும். வெந்நீருக்கு இத்தடையில்லை.

குளிர் காக்கும் நோக்கம் திருவனந்தபுரத்தில் எழுவதன்று, மலையூர்களுக்கே உரியது. அங்கும் வழி இதுவே. ருஷ்யாவிலும் பின்லாந்திலும் பெரிய செங்கல் அடுப்புகளில் உலர்ந்த விறகை நிறைந்த காற்றுடன் குறுகிய நேரம் வேகமாக எரித்துவிடுகின்றனர். தீ அணைந்த பின்னும் சூடேறிய செங்கற் கட்டடம் பல மணி நேரம் வீட்டிற்கு வெப்பம் தருகிறது. பொங்கல் முடிந்து தீ தணிந்த பிறகும் அடுப்புக் கல்லைக் கையால் தொட இயலாதிருப்பதும் இதே காரணத்தால்தான். வேகமாக எரித்தல், மெதுவாகச் செலவிடுதல் என்பதே விறகைப் பொறுத்தவரை நேரிய வழி.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்து காட்டத்தக்கவை

1. ஒரே அளவான ஆறு தணல்களை எடுத்து, ஒன்றைத் தனியாகவும் ஐந்தைக் குவியலாகவும் வைத்து, எது முதலில் கறுக்கிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளச் செய்யலாம். மற்றொரு குவியலைச் சாம்பலால் மூடி ஒப்பிடலாம்.

2. மூடியில் ஊசித்துளையிட்ட தகர டப்பாவில் உலர்ந்த மரச்சிராய்களை இட்டு, திறந்த வெளியில் ஆசிரியரே சூடேற்ற வேண்டும். துளை வழியே வரும் புகையில் தீக்குச்சியைக் காட்டினால் அது சுவாலையாக எரியும். புகையாகப் போவது எரிபொருளே என்பதை விளக்க இதனினும் நல்ல சோதனை இல்லை. துளை அடைபடாதவாறு கவனித்தல் அவசியம்.

3. ஒரே அளவான இரு பாத்திரங்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்றை வைக்கோலால் சுற்றி, அரைமணிக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து அட்டவணை எழுதலாம்.

வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளர், விறகு உலர்ந்துள்ளதா, புகை வெளியேற வழியுள்ளதா, இரவில் தணல் எங்கே வைக்கப்படுகிறது என்னும் மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். குழந்தையையோ பிரசவித்த பெண்ணையோ குளிரிலிருந்து காக்கத் தணற்சட்டியை மூடிய அறையில் வைக்கும் பழக்கம் எங்கேனும் காணப்பட்டால், மற்ற அறிவுரைகளுக்கு முன்னதாக அச்சட்டியை வெளியே எடுத்து வைக்கச் செய்து, சன்னலைத் திறந்துவிடுதல் அவர்தம் முதற் கடமையாகும்.