பள்ளிக்கரணை போர் தண்ணீரில் நைட்ரேட்: செப்டிக் டேங்க் காரணமா? கண்டுபிடிப்பது எப்படி?

குடிக்க கேன் தண்ணி, மத்த எல்லாத்துக்கும் போர் தண்ணி. பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் பக்கம் பல வீடுகளின் வழக்கம் இதுதான். அதே மனையில்தான் செப்டிக் டேங்கும் இருக்கிறது. போருக்கும் டேங்குக்கும் நடுவில் எத்தனை அடி இடைவெளி என்று பெரும்பாலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ம் ஆண்டு தர அறிக்கைப்படி, நாட்டின் 440 மாவட்டங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் 37 சதவீதத்துக்கும் மேல் இந்த நிலைதான். கிராமங்களில் உரம் முக்கியக் காரணம். வயலே இல்லாத புறநகரில் முதல் சந்தேகம் கழிவுநீர் மீதுதான் வரும்.

கழிவுநீர் நைட்ரேட்டாக மாறுவது எப்படி?

சிறுநீரில் உள்ள யூரியா, செப்டிக் டேங்குக்குள் அம்மோனியாவாக மாறுகிறது. டேங்கில் கசடு மட்டுமே அடியில் தங்கும். அம்மோனியா தண்ணீரில் கரைந்தபடியே வெளியேறி, சோக் பிட் வழியாக மண்ணுக்குள் இறங்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன.

கிருமிகளில் பெரும்பகுதியை மண் வடிகட்டிவிடும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். லாரி வைத்து டேங்கை அடிக்கடி காலி செய்தாலும் இந்தப் பிரச்னை பெரிதாகக் குறையாததற்குக் காரணம் இதுதான்.

அரை கிரவுண்டில் 18 மீட்டருக்கு எங்கே போவது?

கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம், குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 2470. அதாவது 59 அடி. 30-க்கு 40 அடி கொண்ட அரை கிரவுண்டு மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான் வரும். விதியைக் கடைப்பிடிக்க அங்கே இடமே இல்லை. உங்கள் டேங்க் தள்ளி இருந்தாலும், பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போருக்கு ஒட்டினாற்போல் இருக்கலாம்.

ஒரு தோராயக் கணக்கு

ஒரு நபரிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 2.7 கிலோ நைட்ரஜன் கழிவாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 பேர் வீட்டில் அது கிட்டத்தட்ட 11 கிலோ. அதில் பாதி கசடிலும் மண்ணிலும் குறைந்துபோனாலும், மீதி 5.5 கிலோ கீழே இறங்கும்.

ஆளுக்கு தினமும் 100 லிட்டர் கழிவுநீர், அரை கிரவுண்டில் மண்ணுக்குள் இறங்கும் கொஞ்சம் மழைநீர் இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1.7 லட்சம் லிட்டர் வரும். இதில் அந்த நைட்ரஜன் கலந்தால், லிட்டருக்குச் சுமார் 140 மில்லி கிராம் நைட்ரேட். குடிநீருக்கான இந்திய வரம்பு 45 மில்லி கிராம்தான்.

இது ஆய்வக முடிவு அல்ல, மதிப்பீடு மட்டுமே. சுற்றுப்புற நிலத்தடி நீர் கலந்து இது குறையலாம். ஆனால் தெரு முழுக்க இதே மாதிரி வீடுகள் என்றால், கலக்க வரும் தண்ணீரும் அதே தண்ணீர்தான்.

பள்ளிக்கரணையில் என்ன வித்தியாசம்?

2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அருகிலேயே இருப்பதால், தாழ்வான இடங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மழைக்காலத்தில் அது சோக் பிட் அடிவரை ஏறிவிட்டால், வடிகட்ட நடுவில் மண்ணே இருக்காது. 2015-லும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நீர் ஊறி நிற்கும் களிமண்ணில் ஆக்சிஜன் குறைவு. அங்கே அம்மோனியா நைட்ரேட்டாக மாறாமல் அப்படியே தங்கலாம். ஏற்கெனவே உள்ள நைட்ரேட்டும் நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து போகலாம். அதனால் ரிப்போர்ட்டில் நைட்ரேட் கம்மி என்பதை மட்டும் வைத்து கழிவுநீர் கலக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது. அம்மோனியாவையும் கிருமிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெருங்குடி குப்பைக் கிடங்கின் கசிவும் இன்னொரு சாத்தியம். எனவே ஒரே ஒரு போரின் முடிவை வைத்து யாரையும் கைகாட்ட முடியாது.

மூலத்தை உறுதி செய்வது எப்படி?

நீரோட்டத்தின் மேல்புறம், கீழ்புறம் என பல கிணறுகளில், கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் மாதிரி எடுக்க வேண்டும். கழிவுநீரின் அடையாளமாக வழக்கமாகப் பார்க்கப்படும் குளோரைடு, உப்புநீர்த் தாக்கம் உள்ள இந்தப் பகுதியில் தனியாக நம்பத்தக்கதல்ல. நைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப் சோதனை, உரத்திலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததா எனப் பிரித்துக் காட்ட உதவும்.

யாருக்கு ஆபத்து?

முதல் ஆபத்து 6 மாதத்துக்குக் குறைவான, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு. நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால் பவுடர் கலக்கினால், ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பூக்கலாம். 'ப்ளூ பேபி' எனப்படும் இந்தப் பாதிப்புக்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பு 1945-லேயே அமெரிக்காவின் அயோவாவில் பதிவானது.

என்ன செய்யலாம்?

• தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யூவி இரண்டும் இதற்கு உதவாது. ஆர்ஓ குறைக்கும், ஆனால் மெம்ப்ரேன் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

• என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நைட்ரேட், அம்மோனியா, கோலிஃபார்ம் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

• ரிப்போர்ட்டில் 'நைட்ரேட்' என்றிருந்தால் வரம்பு 45. 'நைட்ரேட் நைட்ரஜன்' என்றிருந்தால் 10-ஐத் தாண்டினாலே அதே 45-ஐத் தாண்டியதாக அர்த்தம்.

• கைக்குழந்தைக்கான தண்ணீர் பரிசோதித்ததாக இருக்கட்டும்.

• தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் உடனே இணைப்பு எடுங்கள். இணைத்த பிறகும் மண்ணில் இறங்கிய நைட்ரேட் குறைய வருடங்கள் ஆகலாம். அதுவரை சோதனையை நிறுத்த வேண்டாம்.

ஒரு வீடு மட்டும் டேங்கைச் சரி செய்தால் அந்த வீட்டு போர் சுத்தமாகிவிடாது, ஏனென்றால் தெருவுக்கே கீழே ஓடுவது ஒரே நிலத்தடி நீர்தான். குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து நாலைந்து போர்களில் மாதிரி எடுத்தால் செலவும் குறையும், படமும் தெளிவாகும்.