இரணைமடுவின் மீனும் வலையின் கண்ணும்

இரணை என்றால் இரட்டை. ஒரு சூலிற் பிறந்த இரு பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்று நம் ஊர்த் தாய்மார் இன்றும் சொல்வர். மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. அருகருகே கிடந்த இரு மடுக்கள் ஓர் அணைக்கட்டினுள் அடங்கியமையால் அது இரணைமடு ஆயிற்று. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920ஐ அண்டியே நிறைவெய்தியது. பின்னர்ப் பன்முறை கட்டு உயர்த்தப்பட்டது. கடைசியாக உயர்த்திய பின் 2018ஆம் ஆண்டு மார்கழியில் மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. இன்று நிறைந்தால் முப்பத்தாறு அடி. இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் அதன் வாய்க்கால்களை நம்பிக் கிடக்கின்றன.

இக்குளத்தைப் பற்றி எழுதியோர் யாவரும் நெல்லைப் பற்றியே எழுதினர். அதன் மீனைப் பற்றி எழுதியோர் அரியர். நெல் விளைவிப்பவன் நீருக்கு உரியவன். மீன் பிடிப்பவன் விருந்தாளி என்பது நம்மவர் எண்ணம் போலும்.

பழந்தமிழர் அப்படி எண்ணவில்லை. நெய்தல் நிலத்துப் பரதவரைப் பற்றி நாம் பாடசாலையில் நிரம்பப் படிப்பிக்கிறோம். மருதநிலத்து நன்னீர் மீன் யார் கையில் இருந்தது என்று கேட்டால் மாணவர் விழிப்பர். ஐங்குறுநூற்றைத் திறந்து பார்க்கலாம். பாண்மகள் கூடையிலே வராலைக் கொண்டு வந்து சொரிகிறாள். மனைவியானவள் அதே கூடை நிறையப் பழைய வெண்ணெல்லைப் பெய்து கொடுக்கிறாள். இன்னொரு பாட்டிலே கெடிறு வருகிறது. அதற்குப் பயறு விலையாகிறது. அந்தக் கெடிறே நம் வாயிற் கெளிறு. சொல் ஈராயிரம் ஆண்டு சிதையாமல் வந்திருக்கிறது. வயலும் மீனும் ஒரே முற்றத்திற் கொடுக்கல் வாங்கல் செய்த காலம் அது.

சென்ற ஆண்டு ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகக் கிளிநொச்சி சென்றிருந்தேன். விடியற்காலையிற் கனகாம்பிகை அம்மனைத் தரிசித்துவிட்டுக் குளக்கட்டில் நடந்தேன். கரையில் ஒரு வள்ளம் வந்து ஒதுங்கியது. வலையைத் தோளிற் போட்டபடி இறங்கியவர், "ஐயா, என்னைத் தெரியுதோ?" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் படித்தவர். எழுத்ததிகாரத்திற் குறைந்த புள்ளி எடுத்தவர்; அது வேறு கதை. இப்பொழுது குளத்து மீனவர்.

வள்ளத்திற் கிடந்தவற்றுட் பெரும்பான்மை திலாப்பியா. சிலர் அதனை யப்பான் மீன் என்பர். யப்பானுக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை. ஆபிரிக்காவின் மொசாம்பிக்குப் பக்கத்து மீன் அது. 1952ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களுக்கு வந்தது. நம் சுதேச மீன்கள் ஆற்றுக்கும் வயலுக்கும் பழகியவை. அகன்று ஆழ்ந்து தேங்கிய நீரில் அவை பெருந்தொகையாய்ப் பல்கவில்லை. அந்த வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பியது. ஆண்மீன் கரையோரத்து மணலிற் குழி பறிக்கும்; பெண்மீன் அதிலே முட்டையிட்டு, இட்ட முட்டையைத் தன் வாயில் எடுத்துக்கொள்ளும்; பொரித்த குஞ்சையும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கும். ஒருவரும் குஞ்சு கொண்டுவந்து விடாமலே பெருகும் மீன் இது.

கட்லா, ரோகு, மிர்கால் என்னும் இந்தியக் கெண்டைகள் வேறு இயல்பின. வெள்ளம் பாயும் ஆற்றிலன்றித் தேங்கிய குளத்தில் அவை இனம் பெருக்கா. 1957ஆம் ஆண்டிற் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றி அவற்றை முட்டையிடச் செய்தார். அன்று தொடங்கியே நிலையங்களிற் குஞ்சு பொரிப்பித்து ஏரிகளில் விடும் வழக்கம் இப்பகுதி நாடுகளிற் பரவியது. ஆகவே ஒரு குளத்திற் கெண்டை உண்டு என்றால், யாரோ அங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்பது பொருள்.

இலங்கையில் இப்பணி நேராக நடந்ததன்று. உயிர்க்கொலை பற்றிய சமய உணர்வு காரணமாக 1990ஆம் ஆண்டில் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. 1994இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நாலாண்டிற் கண்காணிப்பார் இன்மையாற் பல குளங்களிற் சிறுகண் வலைகள் பெருகின. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. மக்கள் அதனை 'நக்டா' என்றே சொல்வர். கெண்டைக் குஞ்சுகளும் நன்னீர் இறாற் குஞ்சுகளும் இன்று அவ்வழியே வருகின்றன. குஞ்சு விடும் நாளில் விருந்தினர் வருவர்; படம் எடுப்பர்; எண்ணிக்கை பத்திரிகையில் வரும்.

இதைச் சொன்னபோது என் பழைய மாணவர் சிரித்தார். "போட்டதைக் கணக்கெடுக்கினம் ஐயா. மிச்சம் விட்டதை ஆர் கணக்கெடுக்கிறது?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடி, நூல்களின் வழியே, வட அமெரிக்கப் பேரேரிகள் வரை செல்ல நேர்ந்தது. அங்கே மிச்சிக்கன் என்று ஓர் ஏரி. பரப்பில் இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டும். அவ்வேரியிற் சல்மன் மீன் பிடிக்கிறார்கள். நம் கடைத்தெருவில் 'சமன் ரின்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயருக்கு உரிய மீன். ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் அதுவன்று என்பதை வணிகரே அறிவர். ஓடும் படகின் பின்னே பல தூண்டில்களைப் பல ஆழத்தில் இழுத்துச் செல்வதே அங்குள்ளார் முறை. தவளைக்குஞ்சை முள்ளிற் கோத்து நீரின் மேலே இழுத்து விரால் பிடிக்கும் நம் சிறுவர், அதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஆனாற் சல்மன் அவ்வேரிக்கு உரியதன்று. லாம்பிரே என்னும் ஒட்டுண்ணி கடல்வழி வந்து அங்கிருந்த பெருமீன்களின் குருதியை உறிஞ்சி அழித்தது. உண்பார் இன்மையால் அலேவைப் என்னும் சிறுமீன் எல்லையின்றிப் பெருகி, 1967இற் கரையெங்கும் செத்து ஒதுங்கியது. அதனைத் தின்னவென்றே 1966ஆம் ஆண்டிற் பசிபிக் கரையின் சல்மன் இனத்தை வளர்த்துக் கொண்டுவந்து விட்டனர். மறு ஆண்டு இன்னோர் இனத்தை விட்டனர். சல்மன் கொழுத்தது. பிடிக்க வருவார் கூட்டமும் பெருகியது. பெருகவே, மேலும் மேலும் குஞ்சு விட்டனர். பின்பு வெளிநாட்டுச் சிப்பியினம் ஒன்று புகுந்து நீரின் நுண்ணுயிர்களை வடித்துக் குடித்தது. பக்கத்து ஹியூரன் ஏரியில் 2003, 2004 ஆண்டளவில் அலேவைப் அற்றுப்போயிற்று. அதை உண்டு வாழ்ந்த சல்மனும் மெலிந்து வீழ்ந்தது. அதைக் கண்ட மிச்சிக்கன் ஏரியார் 2013இல் என்ன செய்தனர்? விடும் குஞ்சின் தொகையைக் குறைத்தனர். ஏரி எத்தனை வாய்க்குச் சோறிடும் என்று முதலில் அளந்து, அதன் பின்பே எத்தனை குஞ்சு என்று முடிவு செய்தனர்.

இரணைமடுவுக்கு இக்கதை அப்படியே பொருந்தாது. இங்கே உண்பார் மிகுதியன்று, பிடிப்பார் அவசரமே இடர். இலங்கைச் சட்டப்படி குளத்து வலையின் கண், இழுத்துப் பிடித்தால், 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. மூன்று விரல் தாராளமாக நுழையும். அந்தக் கண்ணுக்குத் தப்பிய மீன் ஒருமுறையேனும் குஞ்சு பொரித்துவிட்டு அடுத்த முறை அகப்படும். கண் சிறுத்தால் தாயாகுமுன்னே பிடிபடும். இதை அறியாத மீனவர் இல்லை. "நான் விட்டால் அடுத்த வள்ளக்காரன் அள்ளுவான்" என்பதே ஒவ்வொருவரும் சொல்லும் நியாயம். தங்கூசி வலையோ விலை மலிவு, நீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. கிழிந்து குளத்தினடியிற் கிடந்தாலும் மீனைப் பிடித்துக்கொண்டேயிருக்கும்.

இன்னோர் இடர் நீர்மட்டம். சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்தாற் குளம் நாளுக்கு நாள் வற்றும். கரையோரத்திலே திலாப்பியா பறித்த குழிகள் வெயிலிற் காயும். மீனெல்லாம் நடுமடுவில் ஒதுங்கும். அப்போது வலை போடுவது கூட்டுக்குள் கைவிடுவது போன்றது. மாரியில் வான் பாயும். பெருமீன்கள் வானோடு இறங்கிச் சுண்டிக்குளம் கடனீரேரி நோக்கிச் செல்லும். வழியில் வீச்சுவலையோடு ஊரே நிற்கும். தப்பிப்போன திலாப்பியா உவர்நீரில் ஒருவாறு உயிர்வாழும். பாவம் கெண்டை, அதற்கு அந்த வன்மை இல்லை. எந்த நாளில் எவ்வளவு நீர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிவு செய்கிறது. அங்கே மீனுக்காகப் பேசும் குரலும் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பது என் கருத்து. வயலுக்கு ஒரு சொட்டும் குறைக்கச் சொல்லவில்லை. குழி காயாதபடி மெல்ல இறக்க முடியுமா என்று கேட்பதிற் குற்றமில்லை.

மிச்சம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் மாணவரே ஒரு சான்று சொன்னார். 2008, 2009இல் ஊர் முழுவதும் பெயர்ந்துபோயிருந்தது. குளத்தில் வலை போட ஆள் இல்லை. "திரும்பி வந்து முதல் வலை இழுத்தபோது, ஐயா, இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க ஏலாமற் போச்சு. மீன் ஒவ்வொண்டும் கையளவு இல்லை, முழங்கையளவு." அப்படியொரு தடையை எந்த மீனுக்காகவும் எவரும் இனி வேண்டார். எனினும் அவர் கண்ட மீன் மெய்.

பேசிக்கொண்டே வலையிலிருந்து மீன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கையிலெடுத்த ஒரு திலாப்பியா வாயைத் திறந்தது. நெல்மணியிலும் சிறிய குஞ்சுகள், நூறோ இருநூறோ, வள்ளத்தின் அடித்தண்ணீரிற் சிதறின. அவர் சிரட்டையொன்றால் அவற்றைப் பதமாக அள்ளிக் குளத்தில் ஊற்றினார். "இது கணக்கிலை வராது" என்றார்.

தாய்மீன் எங்கே என்று பார்த்தேன். கூடைக்குள் கிடந்தது. அன்று அவருக்கு அகப்பட்டது மொத்தம் ஏழு கிலோ.